ஆறிப்போன டீயும் கடைசிப் பாடமும்

தையல்காரருக்கு அடுப்புப் பக்கம் போக அனுமதி கிடையாது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் மனைவி அவருக்குப் போட்ட ஒரே தடை அதுதான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது காய்வதற்குள் ஒரு காலரைத் திருப்பிவிடலாமே என்று மிஷினில் வந்து உட்காருவார். ஒரு காலர் முடிந்ததும் கை தானாக அடுத்த காலரை எடுக்கும். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் பால் நினைவுக்கு வரும். மூன்றாவது பாத்திரம் கருகிய அன்று மனைவி ஒன்றும் திட்டவில்லை. கருகிய பாத்திரத்தைத் துணி வெட்டும் மேஜையின் நடுவில், அவர் கண்ணுக்கு நேரே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றோடு அவர் அடுப்பைத் தொடுவதை விட்டார்.

ஆனால் வீடு தேடி வந்தவருக்குச் சூடாக எதையாவது கொடுக்காமல் அனுப்ப அவரால் முடியாது. பட்டன் தைக்கச் சட்டை கொண்டுவந்தவரானாலும் சரி, வழி கேட்டு வாசலில் நின்றவரானாலும் சரி, “ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க” என்பார். சூடான டம்ளரைக் கையில் வைத்திருக்கிற மனிதன் யாரோடும் சண்டை போட மாட்டான் என்பது அவர் நம்பிக்கை. கடவுள் நம்பிக்கையும் அவருக்கு உண்டு. இரண்டையும் அவர் தனித்தனியாக வைத்துக்கொள்ளவில்லை.

மனைவியின் தம்பி செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். மாமா படும் பாட்டைப் பார்த்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு பழைய மைக்ரோவேவ் ஓவனைத் தூக்கிக்கொண்டு வந்தான். “மாமா, டம்ளரை உள்ள வச்சு இந்தக் குமிழைத் திருப்புங்க. ஒன்றரை நிமிஷத்துல தானா நின்னுடும். நீங்க மறந்தாலும் அது மறக்காது.” தையல்காரருக்கு இழந்த ராஜ்யம் திரும்பக் கிடைத்தது. காலையில் மனைவி ஒரு பெரிய பாத்திரம் நிறைய டீ போட்டு வைப்பாள். அவர் நாள் முழுவதும் அதை டம்ளர் டம்ளராகச் சுடவைத்துத் தெருவுக்கே கொடுத்துக்கொண்டிருப்பார்.

வீடு சின்னது. முன்னறையில் தையல் மிஷினும் வெட்டு மேஜையும். அதன் பின்பக்கம் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் அதை ஒட்டினாற்போல மனைவியின் கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் சமையலறை. அதற்கும் உள்ளே படுக்கையறை. அங்கே தைக்க வந்த துணியும் தைத்து முடிந்த துணியும் மூட்டை மூட்டையாக உத்தரம் வரை அடுக்கியிருக்கும். அந்த மூட்டைகளுக்கு நடுவில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டு மனைவி தன் வேலையைச் செய்தாள்.

நாலு மணி நேரம் பஸ்ஸில் போகிற தூரத்தில், பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அவர்களுக்காகப் பாடப் புத்தகத்தை வாசித்துச் செல்போனில் பதிவு செய்வாள். சுற்றிலும் துணி இருந்தால் குரல் எதிரொலிக்காது என்பதை அவளே கண்டுபிடித்திருந்தாள். பதிவானதைச் செல்போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றி, இருமலையும் தையல் மிஷின் சத்தத்தையும் வெட்டியெடுத்து, சுத்தம் செய்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள். கம்ப்யூட்டர் பள்ளிக்கூடம் கொடுத்தது. அதற்கு இன்டர்நெட் வயர் இழுத்துக் கொடுத்தது தெருக் கேபிள்காரர். ஆறு வருஷமாக இது நடக்கிறது.

வாசிப்பதுகூடப் பெரிதில்லை. ‘படத்தைப் பார்க்கவும்’ என்று புத்தகத்தில் வருகிற இடத்தில்தான் அவளுடைய உண்மையான வேலை தொடங்கும். அந்தப் பிள்ளைகள் எந்தப் படத்தைப் பார்ப்பார்கள்? “உன் கைய மூடிக்கோ கண்ணு. கட்டை விரல் மேல இருக்கட்டும். அந்த அளவுதான் உன் இதயம். இப்ப அதை நாலு ரூம் இருக்கற வீடுன்னு நினைச்சுக்கோ” என்று அவள் சொல்லிக்கொண்டே போவாள். தையல்காரர் தடுப்புக்கு இந்தப் பக்கம் மிஷினை நிறுத்திவிட்டு, தானும் கையை மூடிப் பார்த்துக்கொள்வார்.

இந்த வருஷம் தேர்வு நெருங்கிய சமயத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பத்து நாள் குரலே இல்லை. கடைசிப் பாடம் மட்டும் நின்றுபோயிற்று. நேற்றுக் கொஞ்சம் குரல் திரும்பியதும், இழுத்துப் பிடித்து ஒன்றேகால் மணி நேரம் வாசித்து முடித்துவிட்டாள். இன்று காலையில் பேச வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னால் முடியாது. நாளை மறுநாள் தேர்வு. இன்று மாலை ஐந்து மணிக்குள் பாடம் போய்ச் சேர்ந்தால், விடுதிக் காப்பாளர் அதைப் பதினோரு பிள்ளைகளின் கருவிகளிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்புவார். தேர்வன்று காலையில்தான் திரும்புவார்.

வெளியே விடியற்காலையிலிருந்து மழை. வாசல் தகரத்தில் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. மிஷினுக்கு முன்னால் பள்ளிச் சீருடைகள் குவிந்திருந்தன.

அதிகாலையில் பாடத்தின் கேள்வி பதில் பகுதியை அனுப்பிப் பார்த்தாள். அது சின்னது. ப்ளூடூத்தில் பிசகில்லாமல் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்தது. பத்து மணிக்குப் பெரிய பாடத்தைப் போட்டாள். இருபது நிமிஷம் ஆகும் என்று காட்டியது. முப்பத்தொரு சதவீதம் வரை போய், “இணைப்பு துண்டிக்கப்பட்டது” என்று எழுதிக் காட்டிவிட்டு நின்றது.

“போச்சு” என்றாள் காற்றாக.

தையல்காரர் சமையலறையிலிருந்து டம்ளரோடு வந்தார். “என்னம்மா போச்சு? இந்தா, தொண்டைக்கு இதமா இருக்கும்.”

“பாதியில அறுந்துடுச்சுங்க.”

“நூல்கூடத்தான் அறுந்துபோகுது. திரும்பக் கோத்துக்க வேண்டியதுதான்.”

“இதுல விட்ட இடத்துலேந்து கோக்க முடியாது. முதல்லேந்து வரணும்.”

அவர் வெட்டு மேஜையின் ஓரத்தில் சாக்குக்கட்டியால் 31 என்று எழுதினார். தையல்காரருக்கு எதையும் எழுதி வைத்தால்தான் மனம் ஆறும்.

பதினோரு மணிக்கு மனைவியின் தம்பி நனைந்துகொண்டே வந்து சேர்ந்தான். “நல்ல வேளை, கடையில கரண்ட் இல்லை. மரம் விழுந்து லைன் அறுந்து கிடக்கு. இல்லைன்னா இப்ப வந்திருக்க முடியாது.”

“வா மாப்ளே. தலையத் துவட்டு முதல்ல. எப்பவும் போல வயர் போட்டு மாத்திடலாமே?”

“இந்தப் போனுல சார்ஜ் போடற ஓட்டை பத்து நாளா தேஞ்சு கிடக்கு மாமா. பேப்பர மடிச்சுச் சொருகினாத்தான் சார்ஜே ஏறுது. பாட்டு, பாடமெல்லாம் அந்த வழியா வராது. பார்ட் அடுத்த வாரம்தான் கிடைக்கும்.”

“போனுலேந்தே நேரா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினா?”

“இந்தத் தெருவுல சிக்னல் ஒத்தைக் கோடு. இவ்வளவு பெரிசு போகாது. ப்ளூடூத்தான் வழி. என்ன வந்துடப் போகுது, இணைப்பை எடுத்துட்டுப் புதுசா சேர்ப்போம்.”

இரண்டு பக்கமும் பழைய இணைப்பை அழித்தான். அணைத்துப் போட்டான். புதிதாகச் சேர்த்தான். போனில் ஒரு எண் வந்தது, கம்ப்யூட்டரிலும் அதே எண் வந்தது. “பாருங்க, ரெண்டும் கை குலுக்கிடுச்சு” என்றான். பாடம் ஓட ஆரம்பித்தது. நாற்பது, ஐம்பது, அறுபது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

“நனைஞ்சு வந்திருக்கான், அவனுக்கு ஒரு டீ” என்று தையல்காரர் உள்ளே போனார். ஓவன் உறுமியது.

“போச்சு” என்ற மச்சினனின் குரல் தடுப்பைத் தாண்டி வந்தது.

அவர் வெளியே வந்து டம்ளரைக் கொடுத்துவிட்டு 64 என்று எழுதினார்.

மச்சினனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஊரில் யார் போன் செத்தாலும் உயிர் கொடுக்கிறவன், சொந்த அக்கா வீட்டில் தோற்கலாமா? டீயை ஓரமாக வைத்துவிட்டு இன்னும் என்னென்னவோ செய்தான். போனைக் கம்ப்யூட்டரின் தலையில் ஏற்றி வைத்தான். போனில் இருந்த மற்ற வேலைகளையெல்லாம் நிறுத்தினான். கம்ப்யூட்டருக்குள் ப்ளூடூத்துக்கான மென்பொருளை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டான். அதற்குள் டீ ஏடு படிந்து ஆறிவிட்டது.

“என்ன மாப்ளே, தொடவே இல்லை. குடு, சுட வச்சுத் தரேன்.”

“இருக்கட்டும் மாமா.”

“மழையில நனைஞ்சுட்டு ஆறின டீ குடிக்கறதா? குடு.”

அவர் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அந்தக் குரல். மேஜை ஓரத்தில் 12 ஏறியது.

மதியம் போன் அடித்தது. விடுதியிலிருந்து ஒரு பெண். பதினாலு வயது. வாரத்துக்கு நாலு முறை கூப்பிட்டுச் சந்தேகம் கேட்பாள் என்பதால் இந்த வீட்டில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். மனைவியால் பேச முடியாததால் தையல்காரர் எடுத்தார்.

“மாமா, பாட அக்கா எங்க?”

“தொண்டை சரியில்லைம்மா. சொல்லு.”

“கடைசிப் பாடம் வந்துடும்ல? அதுலேந்து பெரிய கேள்வி ஒண்ணு கட்டாயம் வருமாம். பசங்க எல்லாரும் என்னை விட்டுக் கேக்கச் சொன்னாங்க.”

“வந்துடும்மா.”

“சத்தியமா?”

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டாமல், மேலும் கீழும் ஆட்டாமல் நின்றாள். “கடவுள் விட்டுட மாட்டார்மா” என்று சொல்லிப் போனை வைத்தார். வைத்த பிறகு, இந்த விஷயத்தில் கடவுள்மேல் பாரத்தைப் போட்டதற்காக உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

செய்தி அதற்குள் தெருவில் பரவியிருந்தது. இரண்டு மணிக்குக் கேபிள்காரர் மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார். அவர் பின்னாலேயே மாடி வீட்டு டீச்சரும் குடையோடு இறங்கி வந்தார். பணி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். கையில் ஒரு பிரம்பு இல்லாத குறைதான்.

“எல்லாம் மழைதான்” என்றார் கேபிள்காரர். “ஈரக் காத்துல அலை நனைஞ்சுபோயிடும்.”

“அலை நனையறதுக்கு அது என்ன துணியா?” என்றார் டீச்சர். “மேஜையில பாருங்க. இவ்வளவு பெரிய காந்தத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு மிஷினைக் குத்தம் சொல்றீங்க.”

தரையில் சிந்தும் ஊசிகளைப் பொறுக்கத் தையல்காரர் வைத்திருந்த குதிரைலாடக் காந்தம் அது. எல்லோரும் அதைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மச்சினன், “அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை டீச்சர்” என்று சொல்லிப் பார்த்தான். டீச்சர் பார்த்த பார்வையில் தானே அதை எடுத்துக்கொண்டு போய் வெளி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வந்தான். அதட்டிப் பழகிய வாத்தியார் குரலுக்கு முன்னால் யாருக்கும் வாய் வராது.

காந்தம் போன பிறகு பாடம் ஓடியது. நாற்பது. அறுபது. எழுபது. “பார்த்தியா?” என்றார் டீச்சர். தையல்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த மழையில் இறங்கி வந்து உதவி செய்த மனுஷிக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பதா? கேபிள்காரருக்கும் ஒன்று. இரண்டு டம்ளரை ஓவனில் வைத்தார்.

“போச்சு.”

78.

“உங்க கம்ப்யூட்டருக்கு ஆளைக் கண்டா கூச்சம்” என்றார் கேபிள்காரர். “காலையில யாரும் இல்லாதப்ப ஒழுங்கா வாங்கிக்கிச்சுன்னு சொல்றீங்க. புதுசா ஆள் வர வரத்தான் மக்கர் பண்ணுது.”

“பொண்ணு பார்க்க வந்த மாதிரி நாலு பேர் சுத்தி உக்காந்து முறைச்சா அது என்ன செய்யும்” என்றான் மச்சினன். சிரிக்க முயன்றான், வரவில்லை. மணி மூன்று நாற்பது.

மனைவி எழுந்து படுக்கையறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். முக்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் வரியை வாசிக்க முயன்றுகொண்டிருந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள்.

அவர் பக்கத்தில் போய் நின்றார். “வேணாம்மா. தொண்டையப் புண்ணாக்கிக்காதே.”

“பதினோரு பேரு” என்று உதட்டால் சொன்னாள். “மத்த பசங்க ராத்திரி புத்தகத்தப் புரட்டிக்குவாங்க. இவங்களுக்கு என்னை விட்டா என்ன இருக்கு?”

அவள் தோளில் கையை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தார். மச்சினன் மறுபடி இணைத்துப் பாடத்தை ஓட விட்டிருந்தான். அவன் பக்கத்தில் டீ மறுபடியும் ஆறிக் கிடந்தது. தையல்காரர் பழக்கத்தில் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஓவனுக்குள் வைத்தார். குமிழைத் திருப்பினார். உறுமல் எழுந்தது.

“நின்னுடுச்சு” என்றான் மச்சினன், தடுப்புக்கு அந்தப் பக்கம்.

தையல்காரரின் கை அப்படியே நின்றது. மிஷினில் நூல் திரும்பத் திரும்ப அறுந்தால் அவர் நூலைக் குற்றம் சொல்வதில்லை. சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிவிட்டு, அறுகிற அந்த நொடியில் வேறு எது அசைகிறது என்று பார்ப்பார். முப்பது வருஷமாக அவர் கைக்குத் தெரிந்த வேலை அது. இன்று காலையிலிருந்து அறுந்த ஒவ்வொரு முறையும், அந்த ‘போச்சு’ அவர் காதில் விழுந்தபோது அவர் எங்கே நின்றிருந்தார்? இங்கே. இதே இடத்தில். இதே குமிழைப் பிடித்துக்கொண்டு.

ஓவன் கதவைத் திறந்தார். உறுமல் நின்றது.

“மாப்ளே, இன்னொரு தடவை ஓட விடு” என்று குரல் கொடுத்தார்.

“விட்டிருக்கேன் மாமா. ஓடுது. நாலு, அஞ்சு.”

குமிழைத் திருப்பினார்.

“திக்குது. ஐயோ, நின்னுபோச்சு.”

கதவைத் திறந்தார். தொட்டியைப் பார்த்தார். காலையிலிருந்து கழுவாத டம்ளர்கள் வரிசையாக இருந்தன.

அந்தச் சமையலறையில் அப்போது அவரையும் கடவுளையும் தவிர வேறு யாரும் இல்லை. இனிமேல் டீ சுடவைக்காமல் இருந்துவிட்டால் போதும், பாடம் போய்ச் சேர்ந்துவிடும். காந்தத்தால்தான் என்று டீச்சர் நினைத்துக்கொள்வார். மழை விட்டதால்தான் என்று கேபிள்காரர் நினைத்துக்கொள்வார். யாரும் கேட்கப் போவதில்லை. இந்த யோசனை வந்தது உண்மை. ஆனால் நல்ல மனிதர்களுக்கும் இப்படி யோசனை வரும். அதோடு எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தையல்காரர் ஒரு டம்ளர் ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை.

வெளியே வந்தார். தலையைக் குனிந்துகொண்டார். மனைவியும் உள்ளறையிலிருந்து வந்து நின்றாள்.

“நான் ஒண்ணு சொல்றேன். யாரும் கோவிச்சுக்கக் கூடாது. பாடத்தை நிறுத்தறது மழையும் இல்லை, காந்தமும் இல்லை. நான்தான்.”

“நீங்களா?” என்றார் டீச்சர்.

“நான் ஒவ்வொரு தடவை டீ சுட வைக்கறப்பவும் அது நிக்குது. வேணும்னா பாருங்க.” உள்ளே போய்க் காட்டினார். ஓவன் உறுமியது, பாடம் நின்றது. கதவைத் திறந்தார், மச்சினன் ஓட விட்டதும் பாடம் புதிதாகப் புறப்பட்டது. மறுபடி காட்டினார்.

மச்சினன் ஓடிவந்து ஓவனைச் சுற்றிப் பார்த்தான். தடுப்பின் அந்தப் பக்கம் கை வைத்து அளந்தான். “கடவுளே. ஓவன் முதுகும் கம்ப்யூட்டர் முதுகும் ஒட்டிக்கிட்டு இருக்கு, நடுவுல பலகை மட்டும்தான். ஓவனும் ப்ளூடூத்தும் ஒரே அலையில வேலை செய்யற சாமான் மாமா. இதோட கதவு ரப்பர் வேற தேஞ்சு கசியுது.” சட்டென்று குரல் இறங்கியது. “ரப்பர் சரியில்லைன்னு வாங்கறப்பவே பார்த்தேன். டீதானே சுட வைக்கப் போறீங்கன்னு விட்டுட்டேன். தப்பு என் மேலதான்.”

“உன் மேல எப்படி மாப்ளே? நீ வேணாம்னு சொன்ன டீயப் பிடுங்கிட்டுப் போய்ச் சுட வச்சது யாரு?”

“கசியற ஓவனை உங்க தலையில கட்டினது யாரு?”

“ரெண்டு பேரும் யாரு பெரிய பாவின்னு அப்புறமா முடிவு பண்ணிக்கங்க” என்றார் டீச்சர். “மணி நாலு ஆகப் போகுது. நான் காந்தம்னு சொன்னதையும் இதோட எல்லாரும் மறந்துடணும்.”

தையல்காரர் மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் நின்றார். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பதறிப்போனார். அழுகை இல்லை. சத்தமே வராத அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு, தடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

“அடுப்ப விட்டு விரட்டினேன்” என்று காற்றுக் குரலில் சொன்னாள். “வேற ரூட்டு கண்டுபிடிச்சு வந்துட்டார்.”

கேபிள்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். மச்சினன் ஓவனின் வயரைப் பிடுங்கி, அது ஏதோ பாம்பு என்பதுபோல முடிச்சுப் போட்டு மேலே வைத்தான். பாடத்தை முதலிலிருந்து ஓட விட்டார்கள்.

அந்த இருபது நிமிஷத்தைத் தையல்காரர் கடைசிவரை மறக்க மாட்டார். யாரும் அசையவில்லை. எது எதை நிறுத்துமோ என்று பயந்து, டீச்சர் குடையைக்கூட மடக்காமல் மடியில் வைத்திருந்தார். கேபிள்காரர் ஆறின டீயைச் சத்தமில்லாமல் குடித்து முடித்தார். ஐம்பதைத் தாண்டியபோது கதவு தட்டப்பட்டது. கூரியர்காரர், மழைக்கோட்டையும் மீறித் தலையிலிருந்து கால்வரை நனைந்து, பல் கிடுகிடுக்க நின்றார். மாடி டீச்சருக்கு ஒரு பார்சல்.

தையல்காரரின் வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். சமையலறைப் பக்கம் திரும்பிய கால் தானாக நின்றது. கூரியர்காரரின் சொட்டும் சட்டையைப் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அந்த மனிதனை வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வரவில்லை. வெட்டு மேஜைக்கு அடியில் குனிந்து, தனக்கென்று தைத்து வைத்திருந்த உலர்ந்த சட்டையை எடுத்து வந்தார்.

“இத மாத்திக்கிட்டுப் போப்பா.”

“அண்ணே, வேணாம், எனக்கு இன்னும் நாலு வீடு இருக்கு.”

“அதுக்குத்தான் சொல்றேன். மேல கோட்டப் போட்டுக்க. சட்டைய எப்பவாவது கொண்டு வந்து குடு. டீ மட்டும் இன்னைக்குக் கேக்காதே.”

“நான் எங்க டீ கேட்டேன்?” என்றார் கூரியர்காரர் ஒன்றும் புரியாமல். டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நாலு இருபத்தேழுக்கு நூறு வந்தது. யாரும் கத்தவில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்ட சத்தம்தான் கேட்டது.

மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வழக்கமாக இதற்கு மேல்தான் வெட்டுகிற வேலை. ஒன்றேகால் மணி நேரப் பதிவைச் சுத்தம் செய்ய அரை நாள் ஆகும். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரவே இருபது நிமிஷம் வேண்டும்.

“வெட்ட நேரமில்லைங்க” என்று கிசுகிசுத்தாள். “இருமல் இருக்கு. அதோட, நடுவுல ஒரு இடத்துல நீங்க வர்றீங்க.”

“நானா? நான் எதுக்கு வந்தேன்?”

“கதவத் திறந்துக்கிட்டு வந்து, வெந்நீர் கொண்டு வரட்டுமான்னு கேக்கறீங்க. நான் வேணாங்கறேன். நீங்க விடலை. பாடத்துக்கு நடுவுல அப்படியே பதிஞ்சிருக்கு.”

தையல்காரர் காதைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் பிள்ளைங்க என்ன நினைக்கும்? பாடம் கேக்க உக்காந்தா எவனோ ஒருத்தன் வெந்நீர் விக்கறான்னு நினைக்காதா?”

“அனுப்பு அக்கா” என்றான் மச்சினன். “சுத்தமான பாடம் வராததுக்கு, மாமா வர்ற பாடமே மேல்.”

அப்படியே அனுப்பினாள். நாலு ஐம்பத்திரண்டுக்குக் காப்பாளர் போன் செய்தார். வந்துவிட்டது, ஏற்றிக்கொண்டிருக்கிறேன், அம்மாவை இனிமேல் பேசச் சொல்லாதீர்கள் என்றார். மழை இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. யாரும் வீட்டுக்குப் போவதாகத் தெரியவில்லை.

தேர்வு முடிந்த அன்று பிற்பகல் போன் வந்தது. மனைவிக்குப் பாதிக் குரல் திரும்பியிருந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். தையல்காரர் மிஷினை நிறுத்தினார்.

“அக்கா, கடைசிப் பாடத்துலேந்துதான் பெரிய கேள்வி” என்றாள் கேள்விக்காரி. மூச்சு வாங்கியது. பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். “ரத்தம் இதயத்துக்குள்ள எந்த வழியா போய் எந்த வழியா வரும்னு கேட்டிருந்தாங்க. பதினோரு பேரும் எழுதிட்டோம்.”

“எல்லாரும் சரியா சொன்னீங்களா கண்ணு? அதுல நிறைய பேர் குழம்புவாங்களே.”

“குழம்பவே இல்லைக்கா. நான் சொல்லச் சொல்ல எழுதறதுக்கு ஒரு மிஸ் வந்தாங்க இல்ல, அவங்கதான் குழம்பிட்டாங்க. நான் வலது மேலறைன்னு சொன்னேன், எழுதினாங்க. வலது கீழறைன்னு சொன்னேன், எழுதினாங்க. அப்புறம் நான் வெந்நீர்னு சொல்லிட்டேன்.”

தையல்காரர் எழுந்து நின்றார்.

“அய்யோ, ஏம்மா?” என்றாள் மனைவி.

“நீங்க வலது கீழறைன்னு சொன்னப்பதானே மாமா உள்ள வந்தாரு? ‘கொஞ்சம்தாம்மா, இளஞ்சூடாத்தான் இருக்கு’ன்னு கெஞ்சுவாரே. அவரு போனப்புறம் நீங்க சிரிச்சுக்கிட்டே ‘நுரையீரலுக்குப் போகும்’னு சொன்னீங்க. அதனால எங்களுக்கெல்லாம் வலது கீழறை, வெந்நீர், நுரையீரல். மனப்பாடம். அந்த மிஸ் பேனாவ வச்சுட்டு, இதயத்துல வெந்நீர் ஏதும்மான்னு கேட்டாங்க. அத மட்டும் எழுத வேணாம் மிஸ், அது எங்க மாமான்னு சொன்னேன்.”

மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். இந்த முறை சத்தம் வந்தது. தையல்காரர் கையில் பாதி தைத்த காலரோடு போனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

“மாமா இருக்காரா அங்க?” என்று கேட்டது போன். “விடுதியில அந்த இடத்த மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். நீங்க வெந்நீர் வேணுமான்னு கேக்கறப்பெல்லாம் அக்கா வேணாங்கறாங்களே, பாவமா இருந்துச்சு. அதனால ஒவ்வொரு தடவையும் நாங்க பதினோரு பேரும் சேர்ந்து, குடுங்க மாமான்னு சொல்லிடுவோம்.”